ஜமக்காளத்தில் யாருக்கு இடம்?

பொங்கலோ, காதுகுத்தோ, கிரகப்பிரவேசமோ, சொந்தம் கூடினால் ராத்திரிக்குள் ஒரு சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். எட்டு வயதும் எண்பது வயதும் ஒரே வட்டத்தில் உட்கார எந்த ஆட்டம் தோதுப்படும்?

கல்யாண மண்டபங்களில் முதல் நாள் ராத்திரி மாடிக்குப் போனால் இதைப் பார்க்கலாம். ஒரு ஜமக்காளம், நடுவில் இரண்டு கட்டுச் சீட்டு, சுற்றி ஆறு ஆண்கள். ஒருவர் ‘ஸ்கூட்’ என்று கையைக் கவிழ்த்துவிட்டு வெற்றிலை மடிக்கிறார். ஃபுல் கவுண்ட் வாங்கிய இன்னொருவர், ரம்மி அடித்த மச்சானை முறைக்கிறார். தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற பையனுக்கு “போய்ப் படுடா” என்று அதட்டல். கீழே பெண்கள் தாம்பூலப் பைக்குத் தேங்காய் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தரையில் உட்கார முடியாத தாத்தா நாற்காலியில் சாய்ந்தபடி யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுநாள் கேட்டால், “நேத்து நைட்டு எல்லாரும் சீட்டு ஆடினோம், செம ஜாலி” என்பார்கள். எல்லாரும் என்றால் அந்த ஆறு பேர்.

ரம்மியின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பதின்மூன்று சீட்டை வைத்துக்கொண்டு, ஒரிஜினல் சேருவதற்குள் எதிராளி டிக்ளேர் செய்துவிடுவானோ என்று பதறுகிற அந்தச் சுகம் வேறு ஆட்டத்தில் இல்லை. ஆனால் வீடு நிறைய ஆள் இருக்கும்போது அதைக் கையில் எடுத்தால், ஆறேழு பேரைத் தவிர மற்றவர்களை வேடிக்கை பார்க்கச் சொல்கிறோம். 201 பாயிண்ட் வைத்து ஆடினால் இன்னும் மோசம். பத்து மணிக்கே பாயிண்ட் ஏறி வெளியே போனவர், பன்னிரண்டு மணி வரை கொட்டாவி விட வேண்டியதுதான்.

கடையில் விற்கிற ஆட்டப் பெட்டிகளின் மூலையில் ‘7 வயது முதல்’, ‘2 முதல் 10 பேர்’ என்று போட்டிருக்கும். அது யாரால் ஆட முடியும் என்பதைச் சொல்லும். யார் ஒதுங்க நேரிடும் என்பதைச் சொல்லாது. நம் வீட்டுக் கூட்டத்துக்கு ஆட்டம் தேடும்போது நான் வேறு இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன். முதலில் ஆட்டமிழக்கிறவர் எவ்வளவு நேரம் சும்மா உட்கார வேண்டும்? நடுவில் எழுந்து போகிறவர் திரும்பி வரும்போது இடம் இருக்குமா?

இரண்டாவது கேள்வி சின்னதாகத் தெரியும். நம் வீடுகளில் அதுதான் பெரியது. பால் பொங்குகிறது, குழந்தை விழித்துக்கொண்டது, வாசலில் யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து போவது பெரும்பாலும் யார் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தால், “நீ பார்த்துட்டு இரு, அடுத்த ஆட்டத்துல சேர்த்துக்கலாம்” என்பார்கள். அடுத்த ஆட்டத்துக்குள் சாம்பாரைச் சூடு பண்ண வேண்டியிருக்கும். அத்தைக்கும் சித்திக்கும் சீட்டு ஆடத் தெரியாது என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதில் பாதி, அவர்களை ஒரு ஆட்டமாவது முழுதாக உட்கார விடாததால் வந்தது.

உப்புக்குச் சப்பாணிகள்

சின்னக் குழந்தைகளைச் சமாளிக்க நம்மிடம் ஒரு பழைய ஏற்பாடு உண்டு: உப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம், கணக்கில் சேர்க்க மாட்டோம். தெருவில் கண்ணாமூச்சி ஆடும்போது நாலு வயதுக்கு இது சரி. சீட்டில் சரிப்படாது. ஆறேழு வயதுப் பிள்ளைக்குத் தன் சீட்டு எண்ணப்படுகிறதா இல்லையா என்பது இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிடும். தெரிந்ததும் சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடும். வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பதும் அதே வகைதான். தாத்தா விட்டுக்கொடுத்து ஜெயிப்பதைவிட, தாத்தாவை ஒரு தடவை உண்மையாகவே தோற்கடிப்பதற்குத்தான் குழந்தைகள் துடிக்கிறார்கள்.

ஆக, அதிர்ஷ்டம் ஓரளவு வேலை செய்கிற ஆட்டம் வேண்டும். ஆனால் அதிர்ஷ்டம் மட்டுமே என்றால் பெரியவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். கை நிறையச் சீட்டு சேரக் கூடாது, சின்ன விரல்களில் பதின்மூன்று சீட்டு நிற்காது. ஒரு சுற்று கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத துபாய்ப் பேரனும், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், அதனால் சீட்டில் எழுத்து அதிகம் இருக்கக் கூடாது. இத்தனை நிபந்தனைக்கும் பொருந்துகிற ஒன்றை வெளிநாட்டுப் பெட்டிகளில் தேட வேண்டியதில்லை. அது நம் எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம்தான்.

கழுதைக்கே என் முதல் ஓட்டு

52 சீட்டையும் மொத்தமாகப் பகிர்ந்துவிடுகிறோம். எட்டுப் பேர் என்றால் நாலு பேருக்கு ஏழு, நாலு பேருக்கு ஆறு. இஸ்பேட் ஆஸ் வைத்திருப்பவர் அதை இறக்கி ஆரம்பிப்பார். எல்லாரும் அதே இனத்தைப் போட வேண்டும். எல்லாரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் ஒதுங்கிவிடும், பெரிய சீட்டு போட்டவர் அடுத்ததை ஆரம்பிப்பார். யாரிடமாவது அந்த இனம் இல்லையென்றால் அவர் வேறு இனத்தைப் போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்ததும், அதுவரை பெரிய சீட்டு போட்டிருந்தவர் மொத்தத்தையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கை காலியானவர் தப்பித்தார். கடைசியில் சீட்டோடு மாட்டிக்கொண்டவர் கழுதை. வட இந்தியாவில் இதே ஆட்டத்துக்கு ‘பாபி’ என்று பெயர். கேரளத்திலும் கழுதைதான்.

இந்த ஆட்டத்தின் அருமை ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது. இதில் வெளியேறுவதுதான் ஜெயிப்பது. ரம்மியில் வெளியே போகிறவர் தோற்றவர், ஓரத்தில் உட்கார வேண்டியவர். கழுதையில் முதலில் வெளியே போகிறவர் ராஜா மாதிரி எழுந்து போய்க் காபி குடிக்கலாம், அடுப்பைப் பார்க்கலாம், அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்த்து வயிற்றெரிச்சலைக் கிளப்பலாம். கடைசியில் இரண்டு பேர் மிச்சம் இருக்கும்போது மற்ற அத்தனை பேரும் ரசிகர்கள். வேடிக்கை பார்ப்பதே இதில் தண்டனையாக இல்லை. நடுவில் யாராவது எழ வேண்டியிருந்தால் கையில் இருக்கிற நாலு சீட்டைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம், அவன் கெடுத்துவைத்தாலும் ஆட்டம் கெடாது.

திறமைக்கும் இடம் இருக்கிறது. எந்த இனம் எத்தனை தடவை வந்து போயிற்று என்று எண்ணி வைத்திருப்பவர், கிளாவரில் யாருக்குச் சீட்டு இல்லை என்று ஊகித்து அந்தப் பக்கம் போகாமல் தப்பிப்பார். ஆனால் எத்தனை கணக்குப் போட்டாலும், ஏழு வயதுப் பேத்தி ஒரு சின்னக் கிளாவரைப் போட்டு மாமாவின் டைமன் ராஜாவை வெட்டி, விழுந்த சீட்டையெல்லாம் அவர் மடியில் தள்ளிவிட முடியும். அவளுக்கு அந்த ஒரு வெட்டே போதும், அடுத்த பொங்கல் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரே ஒரு சங்கடம், பட்டம். பத்து வயதுக்கு மேலே உள்ளவன் கழுதை என்றால் தலையை ஆட்டிக் கனைத்துக் காட்டுவான். ஆறு வயது அழும். அதற்கு எழுத்து முறை உதவும்: ஒரு தடவை மாட்டினால் ‘க’, இரண்டாம் தடவை ‘ழு’, மூன்றாவதில்தான் முழுக் கழுதை. மூன்றாவது எழுத்து வருவதற்குள் பெரும்பாலும் சாப்பாடு வந்துவிடும். கேரளத்தில் ‘28’ என்ற ஆட்டத்தில் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிவிடுவார்கள். பெரியவர்கள் மட்டும் ஆடும்போது அதையும் முயன்று பார்க்கலாம்.

பொய்க்கு வயது இல்லை

கழுதைக்கு அடுத்ததாக நான் சொல்வது பிளஃப். ஒருவர் இரண்டு மூன்று சீட்டைக் கவிழ்த்து வைத்து “மூணு ராணி” என்பார். அடுத்தவர் “இன்னும் ரெண்டு ராணி” என்று சேர்ப்பார், அல்லது பாஸ் சொல்வார், அல்லது “காட்டு” என்று சவால் விடுவார். பொய் என்றால் போட்டவர் மொத்தக் குவியலையும் எடுக்க வேண்டும். உண்மை என்றால் சந்தேகப்பட்டவர் எடுக்க வேண்டும். பத்துப் பேர் இருந்தால் இரண்டு கட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது எட்டு ராணிகள் இருப்பார்கள், “அஞ்சு ராணி” என்று ஒருவர் சொன்னால்கூடச் சிரிக்க முடியாது. இரண்டு கட்டின் பின்பக்க அச்சும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தக் கட்டிலிருந்து வந்தது என்று எமகாதகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த ஆட்டத்தில் வயது தலைகீழாக வேலை செய்கிறது. வாழ்நாளெல்லாம் பொய் பேசாதவர் என்று பெயர் வாங்கிய பெரியப்பா முகம் மாறாமல் ஒரு கிளாவர் 4-ஐ ராஜா என்று இறக்குவார். பிளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு உதடு துடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து வயதுக் குழந்தைகள் பொய் சொல்வதில் கில்லாடிகள், ஆனால் சொன்ன கையோடு தாங்களே சிரித்துவிடுவார்கள். சிலருக்கு, குழந்தைகளைப் பொய் சொல்லப் பழக்குகிறோமே என்று உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை. யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதும் அதே ஆட்டத்தில்தான் கற்றுக்கொள்ளப்படுகிறது.

முடிதிருத்தும் கடையிலிருந்து வந்தது

இப்போது பிள்ளைகள் இருக்கிற பாதி வீடுகளில் உனோ கட்டு ஒன்று கிடக்கிறது. ஓரங்கள் மடங்கி, இரண்டு சீட்டு தொலைந்து, ரப்பர் பேண்ட் போட்டு. அது பிறந்த கதையே ஒரு குடும்பச் சச்சரவுதான். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ரெடிங் என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் மெர்ல் ராபின்ஸ். ‘கிரேஸி எய்ட்ஸ்’ என்ற சீட்டாட்டத்தின் விதிகளைப் பற்றி மகனோடு விவாதம் முற்றி, கடைசியில் தனியாக ஒரு ஆட்டத்தையே உருவாக்கிவிட்டார். அது 1971. குடும்பமே சேர்ந்து 8,000 டாலர் புரட்டி 5,000 கட்டுகள் அச்சடித்துக் கடையிலேயே விற்றார்கள். பிறகு உரிமையை 50,000 டாலருக்கும், விற்கிற ஒவ்வொரு கட்டுக்கும் 10 சென்ட்டுக்கும் கொடுத்துவிட்டார். 1992-இல் அது மேட்டல் நிறுவனத்தின் கைக்குப் போனது.

சண்டையில் பிறந்த ஆட்டம் என்பதால்தானோ என்னவோ, இன்றும் சண்டை போகவில்லை. ‘+2’ மேல் இன்னொரு ‘+2’ போட்டு அடுத்தவர் தலையில் நாலாகக் கட்டலாமா? பெரும்பாலான வீடுகளில் கட்டுகிறார்கள். கூடாது என்று 2019-இல் உனோவின் அதிகாரபூர்வ ட்விட்டர் பக்கமே அறிவித்தது, உலகமே திரண்டு அதற்குப் பதில் சொன்னது. ‘+4’ சீட்டை நினைத்த நேரத்தில் போடலாமா? கையில் அந்த நிறச் சீட்டு ஒன்றுகூட இல்லாதபோதுதான் போடலாம் என்பது விதி. பெங்களூர் அக்கா வீட்டில் ஒரு சட்டம், மதுரை மாமா வீட்டில் ஒரு சட்டம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும்போது, முதல் சீட்டு பகிர்வதற்கு முன்னால் யாராவது ஒரு பெரியவர் சட்டத்தை உரக்கச் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் தீர்ப்புச் சொன்னால் எந்தப் பக்கமும் ஏற்காது.

எழுத்து வேண்டாம், நிறமும் எண்ணும் போதும் என்பது உனோவின் பலம். ஐந்தாறு பேருக்கு நன்றாக ஓடும். பத்துப் பேர் ஆடலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நான் நம்புவதில்லை. உங்கள் முறை வருவதற்குள் யாரோ ஒருவர் திசையைத் திருப்பிவிடுவார். திரும்பி வருவதற்குள் இன்னொருவர் ‘ஸ்கிப்’ போட்டுவிடுவார். எட்டு வயதுக் குழந்தை ஐந்து நிமிஷம் ஒரு சீட்டும் போடாமல் உட்கார்ந்திருக்கும். சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்கச் சிரமப்படும் ஆண்கள் பல குடும்பங்களில் உண்டு, அவர்களில் சிலருக்கே அது தெரியாது. மாமா ஏன் தப்புத் தப்பாகப் போடுகிறார் என்று கிண்டல் செய்யும் முன் விளக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

கண்ணுக்கு வேலை, வாய்க்கு வேலை

குழந்தைகள் பெரியவர்களைச் சரிசமமாக நின்று தோற்கடிக்கக் கூடிய ஆட்டம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் டாபிளைக் காட்டுவேன். வட்டமான சின்னத் தகரப் பெட்டியில் 55 வட்டச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் எட்டுப் படங்கள். எந்த இரண்டு சீட்டை எடுத்தாலும் ஒரே ஒரு படம் மட்டும் பொதுவாக இருக்கும், அதை யார் முதலில் கண்டுபிடித்துக் கத்துகிறாரோ அவருக்கு வெற்றி. இதற்குப் பின்னால் அழகான வடிவியல் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குப்படி 57 சீட்டு வரை செய்ய முடியும். ஏன் இரண்டைக் குறைத்தார்கள் என்று குழந்தை கேட்டால், விடுபட்ட இரண்டு சீட்டிலும் என்னென்ன படம் இருந்திருக்கும் என்று பேனாவும் தாளும் கொடுத்து உட்காரவைத்துவிடுங்கள், ஒரு மத்தியானம் போய்விடும்.

டாபிளில் ஞாபகம் வேண்டாம், வாசிப்பு வேண்டாம், தந்திரம் வேண்டாம். “ஆமை!” “பனிமனிதன்!” என்று வாய் முந்த வேண்டும், அவ்வளவுதான். கண்புரை இருக்கிற தாத்தாவுக்கு மட்டும் இது கொடுமை. அவரை நடுவராக்கிவிடலாம் என்று தோன்றும். நடுவராவதும் ஒதுக்கப்படுவதும் அவருக்கு ஒன்றுதான், அதனால் இந்த ஆட்டத்தை அவர் தூங்கும் மத்தியான வேளைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

தாத்தாவும் பாட்டியும் முன்னால் நிற்கிற ஆட்டம் வேண்டுமென்றால் டிக்ஸிட் இருக்கிறது. 2008-இல் வந்தது, 2010-இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருதை வாங்கியது. பெரிய சீட்டுகள், கனவில் வருவது போன்ற ஓவியங்கள், ஓர் எழுத்துகூட இல்லை. ஒருவர் தன் கையிலுள்ள ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு துப்புச் சொல்வார். மற்றவர்கள் அதற்குப் பொருந்துகிற தங்கள் சீட்டு ஒன்றைக் கொடுப்பார்கள். கலைத்து விரித்த பிறகு, சொன்னவருடைய படம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் கண்டுபிடித்தாலும் அவருக்குப் புள்ளி இல்லை, ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டாலும் இல்லை. நம் கூட்டத்தில் இது பிரமாதமாக ஓடும். துப்பைத் தமிழில் சொல்லலாம், பழமொழியாகச் சொல்லலாம், பழைய பாட்டை முணுமுணுக்கலாம், ‘உங்க தாத்தா பெண் பார்க்க வந்த அன்னிக்கு’ என்று பாட்டி ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்தலாம். அந்தத் துப்பு பெரிய மகளுக்கு மட்டும் புரியும், பேரன்களுக்குப் புரியாது. ஆட்டத்துக்குத் தேவை அதுதான். புள்ளிக் கணக்கை முயல் பொம்மை வைத்து நகர்த்த வேண்டும், அந்த வேலையை ஆகச் சின்னக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையக் கடைகளில் ‘பார்ட்டி கார்டு கேம்’ என்று தேடினால் வரிசையாக வருகிற பலவற்றை மாமனார் முன்னால் பிரிக்க முடியாது. ‘கார்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் ஹியூமானிட்டி’ வகையறா கல்லூரி நண்பர்களுக்கானது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் பத்துச் சீட்டையாவது படித்துப் பாருங்கள்.

நாலு துண்டுக் காகிதம்

கட்டே இல்லாவிட்டாலும் சீட்டாட்டம் உண்டு. பள்ளி நோட்டுப் பின்தாளைக் கிழித்து ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி மடித்துக் குலுக்கிப் போடுவது தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போலீஸ் வந்தவர் எழுந்து நின்று திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் புள்ளி அவருக்கு, தவறினால் திருடனுக்கு. ஆள் சேரச் சேரப் பாத்திரங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். சேனாதிபதி, புலவர், பால்காரர், ஈபி ரீடிங் எடுப்பவர் என்று வீட்டுக்கு வீடு பட்டியல் நீளும். பன்னிரண்டு பேர் வரைகூட இழுக்கலாம். இதில் கெட்டிக்காரத்தனம் என்று ஒன்றும் கிடையாது, முகத்தைப் பார்ப்பதுதான். அதனால்தான் எந்த வயதும் யாருக்கும் சளைக்காது.

இதைச் சுவைத்த பதின்ம வயதினரை அடுத்த படிக்கு, மாஃபியாவுக்கு, அழைத்துப் போகலாம். 1980-களில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி தவிதோவ் உருவாக்கியது. இரவில் எல்லாரும் கண்ணை மூட, கொலையாளிகள் மட்டும் விழித்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பகலில் ஊர் கூடி வாதாடி ஒருவரை வெளியேற்றும். வெளியேறினால் உட்கார வேண்டும் என்ற என் புகார் இதற்கும் பொருந்த வேண்டும், ஆனால் பொருந்தவில்லை. ‘செத்தவர்’ அதன்பிறகு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லா ரகசியத்தையும் பார்க்கலாம். தனக்குச் சாவு தேடித் தந்தது தன் சொந்தத் தங்கைதான் என்று தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதைப் போல ஒரு கஷ்டமான பொழுதுபோக்கு இல்லை.

சின்னதுகள் தூங்கின பிறகு

பத்தரை மணிக்கு மேல் கூட்டம் மாறும். பாயில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்துவிட்டார்கள், பெரியவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது எடுக்க வேண்டியது லிட்ரேச்சர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வீடுகளிலும் கல்லூரி விடுதிகளிலும் பல காலமாக ஆடப்படுகிற ஆட்டம். எட்டாம் எண் சீட்டுகளை எடுத்துவிட்டால் 48 மிச்சம். ஒவ்வொரு இனமும் 2 முதல் 7 வரை ஒரு செட், 9 முதல் ஆஸ் வரை ஒரு செட் என்று மொத்தம் எட்டு செட்டாகப் பிரியும். ஆறு அல்லது எட்டுப் பேர், இரண்டு அணி. எதிரணியில் ஒருவரைக் குறிப்பிட்டு ஒரு சீட்டைக் கேட்க வேண்டும்: “சித்தப்பா, ஆட்டின் ராணி இருக்கா?” அந்த செட்டில் உங்களிடம் ஒரு சீட்டாவது இருந்தால்தான் கேட்கலாம். இருந்தால் கொடுத்துவிட வேண்டும், நீங்கள் தொடர்ந்து கேட்கலாம். இல்லையென்றால் கேட்கும் முறை சித்தப்பாவுக்குப் போய்விடும். ஒரு செட்டின் ஆறு சீட்டும் உங்கள் அணியில் யார் யாரிடம் இருக்கின்றன என்று சரியாகச் சொன்னால் அந்த செட் உங்களுக்கு.

மொத்த ஆட்டமும் ஞாபகத்தில் நடக்கிறது. யார் யாரிடம் எதைக் கேட்டார், யார் இல்லை என்றார், எப்போது கை மாறியது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் யார் என்ன புடவை கட்டியிருந்தார், யார் எவ்வளவு மொய் எழுதினார் என்று சொல்லக் கூடிய பெரியம்மாக்கள் இதில் ஐடி கம்பெனி மருமகன்களைத் துவைத்துக் காயப்போடுவதைப் பார்க்க வேண்டும். கூட்டாளிக்குக் கண் ஜாடை காட்டக் கூடாது என்று விதி. அதைக் காப்பாற்றுகிற புருஷன் பெண்டாட்டி யாராவது இருந்தால் அவர்களை எதிரெதிர் அணியில் போட வேண்டிய அவசியம் இல்லை.

யாழ்ப்பாணத்துச் சொந்தம் இருக்கிற வீடுகளில் இந்த நேரத்துக்கு 304 வந்துவிடும். ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டு, இரண்டு பேர் ஒரு கட்சி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. கேள்வி கேட்டு ஏலம் ஏற்றி, துருப்பைக் கவிழ்த்து வைத்து ஆடும் அந்த ஆட்டத்தின் நுட்பம் தனிக் கட்டுரைக்கு உரியது. கலியாண வீட்டுக்கு மட்டும் அது போதாது. நாலு பேருக்குத்தான் இடம்.

ரம்மியும் இந்த நேரத்துக்கு உரியதுதான். காசு வைப்பதா என்ற கேள்வியும் கூடவே வரும். ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சத்தியநாராயணா வழக்கில் சொன்னது. இணையத்தில் காசு கட்டி ஆடுவது பற்றித் தமிழ்நாட்டில் அவசரச் சட்டம், சட்டம், நீதிமன்றத் தீர்ப்பு என்று 2020 முதல் மாறி மாறி நடந்து, 2025-இல் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை போட்டது. அந்தப் பழக்கத்தில் சேமிப்பைத் தொலைத்தவர் பல குடும்பங்களில் இருக்கிறார். சீட்டுக்கட்டைக் கண்டாலே பாட்டி முகம் சுளிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் இருக்கிற வட்டத்தில் காசே வேண்டாம் என்பது என் கட்சி. புளியங்கொட்டை போதும். ஆளுக்கு இருபது கொட்டை கொடுத்துப் பாருங்கள், அதைக் காப்பாற்ற நடக்கிற சண்டை ரூபாய்க்கு நடப்பதற்குக் குறைந்ததாக இருக்காது.

விசிறியும் முழங்காலும்

ஆட்டம் கெடுவதற்குப் பெரும்பாலும் விதிகள் காரணமாக இருப்பதில்லை. மின்விசிறியைப் போட்டால் சீட்டு பறக்கிறது, நிறுத்தினால் வேர்க்கிறது. பிளாஸ்டிக் சீட்டு வாங்கினால் காகிதச் சீட்டைவிட அதிகக் காலம் உழைக்கும், காபி கொட்டினாலும் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் அதுவும் பறக்கும். குவியல் விழும் இடத்தில் விளிம்பு வைத்த ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை வையுங்கள்.

முழங்கால் வலிக்காரர்களைத் தரையில் இருக்கச் சொன்னால் பாதி ஆட்டத்தில் எழுந்துவிடுவார்கள், நாற்காலியில் உட்கார வைத்தால் குவியல் அவர்களுக்கு எட்டாது. கட்டிலை ஒட்டி ஜமக்காளத்தை விரித்து, மேலே ரெண்டு பேர் கீழே ஆறு பேர் என்று வட்டம் போட்டால் சரியாகிவிடும். எண்களைப் பெரிதாக அச்சிட்ட சீட்டுக்கட்டு கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். விரல் நடுங்குகிறவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும், புதிதாக ஒரு துணி தேய்க்கிற பிரஷ் வாங்கி முள்ளை மேல் பக்கமாக வைத்து, அதில் சீட்டைச் சொருகி நிறுத்தலாம். தாத்தாவின் கண்ணும் பேத்தியின் கண்ணும் வேறு வேறாக வேலை செய்கிற வீட்டில் இருவரையும் ஒரே கையாக உட்கார வைத்துவிடுங்கள். அவள் சீட்டைப் பிடிக்க, அவர் காதில் சொல்ல, இருவரும் சேர்ந்து திருடுவது நிச்சயம்.

கட்டைப் பிரித்ததும் எண்ணிவிடுங்கள். 51 இருந்தால் ஜோக்கரின் மேல் மார்க்கர் பேனாவால் காணாமல் போனதன் பெயரை எழுதிக்கொள்ளலாம், கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பழகிவிடுவார்கள்.

இனி நேரம். சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்தால் பரிமாறுகிறவர்கள் வெளியே நிற்பார்கள். பந்தி முடிந்து, எல்லாருடைய கையும் கழுவின பிறகு, எட்டுப் பேரையும் உட்கார வைத்துக் கழுதையை ஆரம்பியுங்கள். சமையலறையில் குவிந்து கிடக்கிற பாத்திரத்தை யார் தேய்ப்பது என்ற கேள்வியை அந்தச் சுற்றின் பந்தயமாக வைத்துவிடலாம். மாமாவின் கையில் அந்த டைமன் ராஜா வந்தால் அவர் ஆடும் விதமே மாறிவிடும்.